ஒட்டுக்குக் கீழே

இரண்டடி ஆழம் என்றான் சோட்டேலால்.
ஒன்றேகால் அடியில் மண் தீர்ந்துபோனது.
அதற்குக் கீழே அரசாங்கம்:
செங்கல் சில்லு, தார்க்கட்டி,
துருப்பிடித்த கதவுத் தாழ்ப்பாள் ஒன்று,
யார் வீட்டுப் பிள்ளையோ தொலைத்த
பச்சைக் கோலிக்குண்டு.
எனக்கு முன் இந்தக் குவார்ட்டர்ஸில்
எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்றெல்லாம்
நான் யோசிக்கவில்லை.
முதுகு வலித்தது.

அக்டோபர் கடைசி ஞாயிறு.
ராமகிருஷ்ணபுரம், தரைத்தளம்,
வாசலில் இரண்டு பாய் விரிக்கும் நிலம்.
அதற்குள் மூன்று பாத்தி.
தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கு, எலும்புத்தூள்.
எலும்புத்தூள் என்றதும் மணிவாசகம்
மூட்டையைக் கையால் தொடாமல்
குடைக்காம்பால் தள்ளினார்.
சைவம் அவர்தான்,
செடி இல்லை என்றேன்.

ஆறு செடி.
வேரைச் சுற்றி மண் உருண்டை, வைக்கோல் கட்டு.
ஒட்டு முடிச்சு
மண்ணுக்கு மேலே மூன்று விரல் நிற்கவேண்டும் என்று
சோட்டேலால் தன் விரலை வைத்துக் காட்டினான்.
அவன் விரலுக்கு மூன்று.
என் விரலுக்கு நாலரை.

ஜனவரியில் வெயில் வரப் பதினொரு மணி ஆகும்.
அதுவரை பூவுக்கு நிறம் இல்லை,
கனம் மட்டும்.
பனிமூட்டத்தில் ஆறேழு தலைகள்
எதற்கோ காத்திருப்பதுபோல் குனிந்திருக்கும்.
பிறகு ஒரு நிமிஷத்தில் சிவப்பு.

மேல்மாடி குல்வந்த் கௌர்
பன்னிரண்டு வருஷமாய் என்னை
மதராசன் என்றே கூப்பிட்டவள்,
அன்று படியிறங்கி வந்து பேர் கேட்டாள்.
பொற்கொடி என்றேன்.
போர்க்கொடி என்றாள்.
அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

ஜூனில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன், செங்கோட்டையில்.
நாற்பது நாள்.
நடுவில் இங்கே மழை.
திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தெரிந்தது:
பாத்தி ஆள் உயரம்,
கொழுத்த பச்சை, முள் குறைவு,
ஜன்னல் கம்பியில் கை போட்டுக்கொண்டு நின்றது.
என்ன வளர்த்தி என்று லைனே பாராட்டியது.
நான் இலையை எண்ணினேன்.
காம்புக்கு ஐந்து ஐந்தாய் இருந்தது
ஏழு ஏழு.
ஒட்டுக்குக் கீழேயிருந்து
வேர்ச்செடி கிளம்பியிருக்கிறது.
நான் காசு கொடுத்து வாங்கிய சிவப்பு
நடுவில் சுள்ளி.

வெட்டாதீங்க, வெட்டினால் நாலாய் வரும்,
மண்ணைத் தள்ளி
பிறந்த இடத்தில் பிடித்துக் கிழிக்கணும்
என்றான் சோட்டேலால்.
கிழித்தேன்.
பழைய வேட்டி கிழிகிற அதே சத்தம்.
ஐந்தை முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.
ஆறாவது நாளைக்கு என்று எழுந்தேன்.
நாளைக்கு ஆபீஸ்.
அதற்கு மறுநாளும்.

மார்ச்சில் அது பூத்தது.
கொத்துக் கொத்தாய், நாலணா அகல வெள்ளை.
வாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை.
தேனீக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை,
வந்துகொண்டே இருந்தன.

இதை வைத்து
ஊர், வேர், மொழி என்று ஏதாவது சொல்லலாம்.
மணிவாசகம் சொல்லவும் சொன்னார்,
பொங்கல் விழாவில், மைக்கில்.
கைதட்டினார்கள்.
அவர் நகக்கண்ணைப் பார்த்தேன்.
மண் இல்லை.

அடுத்த வருஷம் நோட்டீஸ்.
கட்டடங்களை இடிக்கப் போகிறார்கள்,
மே முப்பத்தொன்றுக்குள் காலி.
என்கொயரி ஆபீஸ் ஆள் பட்டியலோடு வந்தார்.
மின்விசிறி மூன்று, ட்யூப்லைட் நான்கு,
தாழ்ப்பாள் ஒன்று குறைகிறதே என்றார்.
பாத்தியில் கிடைத்ததைக் கழுவிக் கொடுத்தேன்.
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து
டிக் போட்டார்.
செடிக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

மே மாத வெயிலில் ரோஜாவைப் பெயர்த்தால் பிழைக்காது.
அது தெரிந்தும் குல்வந்த்
கடுகெண்ணெய் டின்னோடு வந்து
ஒன்றைத் தோண்டினாள்,
வேர் அறுபட, பஞ்சாபியில் திட்டிக்கொண்டே.
வெள்ளையா சிவப்பா என்று அவள் கேட்கவில்லை.
பூ இல்லாத மாதம்.
நான் டின்னை ஒருபக்கம் பிடித்துக்கொண்டேன்.
துளிர்த்தால்
எண்ணிப் பார்க்கட்டும்.